கூடுதல் வாரண்டி: வாங்கலாமா, வேண்டாமா?

2015-ல் நாக்பூரில் பணியிலிருந்தபோது 24,000 ரூபாய்க்கு ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். பில் போடும் நேரத்தில் கடைக்காரர், "இன்னும் 2,600 ரூபாய் கட்டினால் கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் இரண்டு வருஷம் கவலையில்லை. நாளொன்றுக்கு மூன்றரை ரூபாய்தான்" என்று இந்தியில் இனிக்க இனிக்கச் சொன்னார். இயந்திரங்களோடு முப்பது வருஷம் பழகியவன் நான். இருந்தும் யோசிக்காமல் கட்டிவிட்டேன்.

2017-ல் பிலாஸ்பூருக்கு மாற்றலாயிற்று. போன சில மாதங்களில் பிரிட்ஜில் குளிர்ச்சி நின்றது. தொலைபேசியில் கேட்டால், "இந்த வாரண்டி நாக்பூருக்குள் மட்டும்தான் செல்லும்" என்றார்கள். தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. 4,200 ரூபாய் கைக்காசு போயிற்று. ஊர்விட்டு ஊர் மாறும் நம் குடும்பங்கள் பல இப்படி ஏமாந்திருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இயந்திரம் எப்போது பழுதாகிறது? தயாரிப்பில் குறை இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். பிறகு சில ஆண்டுகள் அமைதியாக ஓடும். அதன்பின் தேய்மானம் தொடங்கும். இதை வரைபடமாக வரைந்தால் குளியல் தொட்டி போல இருபுறமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். முதல் மேட்டைக் கம்பெனியின் இலவச வாரண்டியே பார்த்துக்கொள்கிறது. நாம் பணம் கட்டி வாங்கும் கூடுதல் வாரண்டி பெரும்பாலும் நடுவிலுள்ள தாழ்வான பகுதிக்குத்தான்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஒரு பழுதுக்கு 5,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வருஷத்தில் பழுதாகும் வாய்ப்பு இரண்டில் ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் 2,600 ரூபாய் கட்டியது லாபம். ஒழுங்கான பிரிட்ஜ் அவ்வளவு எளிதில் படுக்காது. மேலும், பல பிரிட்ஜ்களில் கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ வாரண்டி ஏற்கெனவே உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ் நிரப்பும் செலவும் கூலியும் நம் தலையில்தான்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படியும் சொல்லமாட்டேன். பெரிய டி.வி.யின் திரை போனால் ஏறக்குறைய புது டி.வி. விலை ஆகிவிடும். இன்வெர்ட்டர் ஏ.சி., முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் ஆகியவற்றின் சர்க்யூட் போர்டும் விலை கூடியது. இவற்றுக்கு நியாயமான விலையில் கிடைத்தால் யோசிக்கலாம். மிக்ஸி, கிரைண்டர், சாதாரண பிரிட்ஜுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

வாங்குமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்:

1. வாரண்டி தருவது தயாரித்த கம்பெனியா, கடையா, மூன்றாவது நிறுவனமா?

2. வேறு மாநிலத்துக்கு மாறினாலும் செல்லுமா?

3. உதிரி பாகம், கூலி, கேஸ், போக்குவரத்து எல்லாம் சேர்ந்ததா?

4. மின் அழுத்த ஏற்றத்தாழ்வு, எலி கடித்தது போன்றவற்றை விலக்கியிருக்கிறார்களா?

5. ஆரம்ப நாள் எது? கம்பெனி வாரண்டி முடிந்த மறுநாளா, வாங்கிய நாளா?

பதில்களை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். இப்போதெல்லாம் கடைகளில் தரும் வழவழப்புத் தாள் பில்லில் மை சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே நகல் எடுத்து வையுங்கள்.

தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 1986-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பின் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். மாற்றலாகிப் போகும் நமக்கு இது பெரிய வசதி. பொதுவாக இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் வேறு ஏற்பாடு. ஒவ்வொரு சாதனம் வாங்கும்போதும் கூடுதல் வாரண்டிக்குக் கேட்கும் தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுகிறோம். எது பழுதானாலும், எந்த ஊரில் பழுதானாலும், அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறோம். பழுதாகாவிட்டால் பணம் நம்மிடமே இருக்கும். அந்தக் கணக்குக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் 'நாக்பூர் பிரிட்ஜ்'.