வரையாமலே ஒரு புழு



எனக்கு ஓவியம் வராது. போன வருஷம் நான் வரைந்த மயிலைப் பார்த்துக் ‘கோழியா?’ என்று கேட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டு இருப்பீர்கள். அதிலிருந்து சுவரிதழில் படம் போட என்னைக் கூப்பிடுவதே இல்லை.

நம்ம நூலக அலமாரியில் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ என்ற புத்தகம் கிடந்தது. பக்கமெல்லாம் ஓட்டை! புழு தின்ற ஓட்டையாம். 1969-இல் வந்த புத்தகம். எழுதிப் படம் செய்தவர் அமெரிக்காவில் பிறந்த எரிக் கார்ல் (1929–2021). படம் ‘செய்தவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஏன்னா அந்தப் புழு வரைந்தது இல்லை, வெட்டி ஒட்டியது.

முதலில் வெள்ளை டிஷ்யூ தாளில் அக்ரிலிக் வண்ணம் பூசுவார். அது காய்ந்த பிறகு அதன்மேல் வேறு நிறத்தில் கோடு, புள்ளி, சுழி. தூரிகைதான் வேண்டும் என்று இல்லை, விரல், ஸ்பாஞ்சு, தரைவிரிப்புத் துண்டு எதுவானாலும் சரி. அப்போது என்ன படம் என்றே முடிவு செய்ய மாட்டார். தாளை நிறவாரியாக இழுப்பறையில் அடுக்கிவிடுவார். பிறகு புழு வேண்டுமென்றால் பச்சை இழுப்பறையைத் திறக்க வேண்டியதுதான். உருவத்தை டிரேசிங் தாளில் எடுத்து, வண்ணத்தாளில் அதன்படி வெட்டி, சுவர்த்தாள் ஒட்டுகிற பசையால் அட்டையில் ஒட்டுவார். தாள் மெல்லிசு, அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது அடி நிறமும் தெரியும்.

இவர் ஆறு வயதில் ஜெர்மனிக்குப் போனவர். அங்கே ஹிட்லர் ஆட்சி. நவீன ஓவியங்களுக்குத் தடை. அவருடைய ஓவிய ஆசிரியர் அந்தத் தடை செய்த படங்களை ரகசியமாக அவருக்குக் காட்டினாராம். தெரிந்தால் சாரின் கதி என்ன ஆகியிருக்கும்! அதில் ஒன்று ஃபிரான்ஸ் மார்க் வரைந்த நீலக் குதிரை. அதை மறக்காமல் 2011-இல் நீலக் குதிரை வைத்தே ஒரு புத்தகம் போட்டார்.

நானும் செய்து பார்த்தேன். பட்டத்தாள், போஸ்டர் கலர், அம்மா காய்ச்சிய மைதா பசை. தண்ணீர் அதிகமாகி முதல் மூணு தாளும் நைந்துபோச்சு. நாலாவதில் வண்ணத்தைக் கெட்டியாகக் கரைத்து, லேசாகத் தடவி, துணிக்கொடியில் காயப்போட்டேன். நின்றது.

எருக்கஞ்செடியில் இருக்குமே, மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழு, அதைத்தான் கீழே ஒட்டியிருக்கிறேன். கோழி என்று யாரும் சொல்ல முடியாது. தயவுசெய்து தொடாதீங்க, வால் பக்கம் இன்னும் காயவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி