மலையிடுக்கு வழிகளும் அவற்றின் பெயர்களும்

ஒரு நாட்டின் வரலாறு ஏட்டிலும் கல்வெட்டிலும் எழுதப்பட்டிருப்பது போலவே, அந்நாட்டின் மலைக்கும் ஆற்றுக்கும் ஓடைக்கும் மக்கள் வழங்கும் பெயர்களிலும் எழுதப்பட்டிருக்கின்றது. ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தோர் பலர். ஆயின் ஊருக்கு அப்பால், மனிதர் குடியிருத்தற்கு இயலாத மலைப்பிளவுகளுக்கும் அருவிச் சரிவுகளுக்கும் பெயர் வந்த வகையை நோக்கியோர் சிலரே. குடியில்லாத இடத்துக்குப் பெயர் எதற்கு என ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காலத்தில் உலகெங்கும் பரவிவரும் விளையாட்டுக்களுள் ஒன்று மலையிடுக்கு இறக்கம். ஓடையொன்று நெடுங்காலம் பாறையை அரித்து உண்டாக்கிய ஆழமான இடுக்கினுள் கயிற்றின் துணைகொண்டு மேலிருந்து இறங்கி, மடுக்களை நீந்தி, அருவிகளைக் கடந்து, கீழ்வாயில் வெளியேறுவதே அவ்விளையாட்டு. ஓர் அருவியில் இறங்கிக் கயிற்றை இழுத்தெடுத்த பின்னர் வந்த வழியே திரும்பி ஏறுதல் பெரும்பாலும் இயலாது. முன்னே செல்லுதலே வழி. ஆகவே இறங்குமுன் அவ்விடுக்கின் இயல்பு முழுவதும் தெரிந்திருத்தல் வேண்டும். இறக்கங்கள் எத்தனை, கயிறு எவ்வளவு நீளம் வேண்டும், எந்த மடுவில் நீர் சுழலும், மழை பெய்தால் எங்கே ஒதுங்கலாம் என்பவற்றை ஒருவர் கூறவும் மற்றொருவர் கேட்கவும் அவ்வழிக்கு ஒரு பெயர் இன்றியமையாதது. உள்ளே ஒருவன் அகப்பட்டுக்கொண்டால், அவனை மீட்கச் செல்வோரிடம் முதலிற் சொல்ல வேண்டியதும் அப்பெயரே. எனவே குடியுள்ள ஊரினும் குடியில்லாத இடுக்கே பெயரை மிகுதியும் வேண்டி நிற்பது எனலாம்.

ஒரு வழியை முதலிற் கடந்தவரே அதற்குப் பெயரிடுதல் இவ்விளையாட்டினரிடை நிலவும் வழக்கம். இவ்வாறும் இதனை ஒத்த பிற வகையாலும் மலையிடுக்குகளுக்கு வந்த பெயர்களை வடிவினால் வந்தன, நிகழ்ச்சியினால் வந்தன, ஆளினால் வந்தன என மூன்றாக வகுக்கலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சயன் தேசியப் பூங்காவில் நோர்த் கிரீக் என்னும் ஓடையின் இடக்கிளை ஓரிடத்தில் வட்டமான குழாய்போலப் பாறையைக் குடைந்து செல்கின்றது. நிலவரைபடத்தில் அதன் பெயர் 'இடக்கிளை' என்பதே. இறங்குவோரோ அதனைச் 'சப்வே', அதாவது நிலத்தடிப் புகைவண்டிப் பாதை என்கின்றனர். இது வடிவினால் வந்த பெயர்.

நிகழ்ச்சியினால் வந்த பெயர்களுக்குக் கொலராடோ ஆறு சிறந்த சான்று. 1869 ஆம் ஆண்டில் ஜோன் வெஸ்லி பவல் என்பவர் பத்துப்பேர் கொண்ட குழுவினராய் நான்கு படகுகளில் கிறீன் ஆற்றிற் புறப்பட்டு, கொலராடோவின் பெரும் பள்ளத்தாக்கைக் கடந்து சென்றார். யூன் மாதத்தில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்த இடத்துக்குப் 'பேரிடர் வீழ்ச்சி' என்னும் பொருளுடைய பெயர் இடப்பட்டது. ஆகத்து 28 ஆம் நாள் மூவர் குழுவை விட்டுப் பிரிந்து மலைமேல் ஏறிச் சென்றனர், அவர்கள் மீளவில்லை. அவ்விடம் இன்றும் 'பிரிவு' என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்குகின்றது. சேறு நிறைந்த ஒரு கிளையாற்றை 'அழுக்குப் பிசாசு' என்றழைத்த அக்குழுவினர், பின்னர்க் கண்ட தெளிந்த ஓடை ஒன்றுக்கு 'ஒளிமிகு தேவதை' எனப் பெயரிட்டனர். ஆளினால் வந்த பெயருக்குப் பிரான்சு நாட்டு வெர்டோன் இடுக்கில் உள்ள 'மார்த்தெல் பாதை' எடுத்துக்காட்டாகும். 1905 ஆம் ஆண்டில் அவ்விடுக்கை ஆராய்ந்த எடுவார் அல்பிரெட் மார்த்தெல் என்பாரை அப்பெயர் நினைவூட்டுகின்றது.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. கித்துள்கல என்னுமிடத்தில் களனி கங்கையின் விரைவோட்டங்களிற் படகு செலுத்துவோர், அவற்றுக்கு 'ஹெட் சொப்பர்', 'பட்டர் கிரஞ்ச்' என்றாற்போன்ற பெயர்களை வழங்குகின்றனர். முன்னது தலைவெட்டி என்னும் பொருளது. ஊரின் பெயரோ கித்துள் மரத்தையும் கல்லையும் சேர்த்துச் சொல்லும் பழைய சிங்களப் பெயர். ஒரே ஆற்றங்கரையில் இருவேறு உலகத்துப் பெயர்கள் அருகருகே நிற்கின்றன.

இனி, மாத்தளை மாவட்டத்தை நோக்குவோம். இதன் கிழக்கில், கண்டி மாவட்டத்தோடு பகிர்ந்து கிடக்கும் மலைத்தொடர் 2010 ஆம் ஆண்டில், இலங்கையின் மத்திய மலைநாடு என்னும் உலக மரபுரிமைப் பகுதியின் ஓர் உறுப்பாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய கொம்பனிய 1,906 மீற்றர் உயரமுடையது. அத்தொடருக்கு இரண்டு பெயர்கள் உள. ஆங்கிலேயர் அதனை 'நக்கிள்ஸ்' என்றனர். மடக்கிய கையின் விரல் முட்டுக்களைப் போல அதன் முடிகள் வரிசையாகத் தோன்றுதலே காரணம். சிங்கள மக்கள் அதனைத் 'தும்பற' என்பர். 'தும்' என்பது புகை. புகைபோன்ற மூடுபனி செறிந்து கிடப்பது என அப்பெயருக்கு விளக்கம் கூறுவர்.

இவ்விரு பெயர்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமை ஆராயத்தக்கது. மடக்கிய கை தொலைவில் நிற்பவனுக்கே தோன்றும். மலையினுள் நடப்பவனுக்கு அது தோன்றாது. மூடுபனியோ உள்ளே நடப்பவனின் கண்ணை மறைத்து அடியைத் தடுப்பது. ஒன்று பார்த்தவன் இட்ட பெயர். மற்றொன்று நடந்தவன் இட்ட பெயர். அழகினால் முன்னது சிறக்கலாம்; வழிச்செல்வோனுக்குப் பயன்படுவது பின்னதே.

இம்மலைகளில் நடந்தவர் இட்ட பெயர்கள் நிரம்ப உள. சிங்களத்தில் எல்ல என்பது அருவி. ஓயா என்பது சிற்றாறு. எல என்பது ஓடை. கல என்பது பாறை. பத்தன என்பது புல்வெளி. இச்சொற்களுக்கு முன் நிற்கும் அடைமொழியிலேதான் செய்தி அடங்கியிருக்கின்றது. 'துவிலி எல்ல' என்னும் அருவியின் பெயரில் துவிலி என்பது தூசியைக் குறிக்கும்; விழும் நீர் துகளாய்ச் சிதறும் என்பது குறிப்பு. இரத்தோட்டைப் பகுதியிலுள்ள 'பம்பரகிரி எல்ல' என்பதன் முதலில் நிற்கும் பம்பர என்னுஞ் சொல் மலைத்தேனீயைக் குறிப்பது. 'யக்குன்கே கல' என்பது பேய்களின் பாறை. 'அலியாவெட்டுண எல' என்பது யானை விழுந்த ஓடை. இன்று இஃது ஒரு சிகரத்தின் பெயராய் வழங்கினும் ஈற்றில் நிற்கும் சொல் ஓடையைக் குறித்தலின், கீழிருந்த ஓடையின் பெயரே மேலேறி மலைக்கு ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தமிழர் பெயரிட்ட முறையும் இதுவே. துவிலி எல்லவுக்கு நிகராகச் சின்னாற்றுக் காட்டில் 'தூவானம்' என்னும் அருவி உண்டு. குற்றாலத்தில் ஐந்தாய்ப் பிரிந்து விழுவது ஐந்தருவி; தேன்கூடுகள் தொங்கும் பாறையில் விழுவது தேனருவி. மூணாற்றுக்கு அப்பால் உள்ள 'ஆனையிறங்கல்' யானைகள் நீருக்கு இறங்கிய துறையைச் சொல்லும். மொழிகள் இரண்டாயினும் மலையில் வாழ்ந்தவர் கண்டனவும் அஞ்சியனவும் ஒன்றே. இத்தகைய பெயர் தன்னைக் கேட்பவனுக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகின்றது. தேனீயின் பெயர் கொண்ட பாறையடியிற் புகை எழுப்பலாகாது என்பதும், யானையே வழுக்கி விழுந்த ஓடையில் மனிதன் விரைந்து அடியெடுத்து வைக்கலாகாது என்பதும் விளக்கமின்றியே விளங்கும். கிழக்குச் சரிவுகளில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டும் காலத்தில், மேலே பெய்த மழை கீழேயுள்ள இடுக்கைச் சிறிது நேரத்தில் நிரப்பிவிடும். அங்கே இத்தகைய அறிவு உயிர்காக்கும் அறிவாகும்.

பெயர் மாறினால் எச்சரிக்கையும் மாறும் என்பதற்குக் கொடைக்கானல் சான்று பகர்கின்றது. அங்கே பாறைகளுக்கிடையே ஆழ்ந்து கிடக்கும் பிளவுகளை ஆங்கிலேயர் 'பேயின் அடுக்களை' என்னும் பொருள்பட வழங்கினர். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த 'குணா' என்னும் திரைப்படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்ட பின்னர், அவ்விடம் 'குணா குகை' ஆயிற்று. பழைய பெயர் விலகி நில் என்றது. புதிய பெயர் வந்து பார் என்றது. 2006 ஆம் ஆண்டில் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அப்பிளவினுள் வீழ்ந்து, நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கியமையால் உயிர் மீண்டார். அந்நிகழ்ச்சியும் 2024 ஆம் ஆண்டில் ஒரு மலையாளத் திரைப்படமாயிற்று. வீழ்ந்தமைக்குப் பெயர்மாற்றமே காரணம் என்பது இதன் கருத்தன்று. அச்சத்தை உணர்த்திய சொல் மறைந்த இடத்தில், அவ்வேலையைச் செய்ய வேறொரு சொல் எழவில்லை என்பதே கருதத்தக்கது.

ஆள்வோர் இட்ட பெயர்களும் பழம்பெயர்களை மறைத்தன. சிங்களத்தில் 'மகா எலிய' எனப்பட்ட மேட்டுநிலம், 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரால் ஹோட்டன் சமவெளி ஆயிற்று. அங்குள்ள செங்குத்தான விளிம்பு 'உலக முடிவு' எனப் பெயர் பெற்றது. அதன் புகழினால், மாத்தளை மாவட்டத்துப் பிட்டவல பத்தனவின் விளிம்பும் இன்று 'சிறிய உலக முடிவு' எனப்படுகின்றது. ஓரிடத்தின் பெயரை மற்றோரிடத்துக்கு இரவல் வாங்கும்போது, அவ்விடத்துக்கே உரிய செய்தி அதில் இல்லாது போகின்றது.

இம்மாவட்டத்திற் பெயரிட்டோருள் இதுகாறும் எவரும் போதிய அளவு கவனியாத ஒரு சாரார் உளர். அவர் தோட்டத் தொழிலாளராகிய மலையகத் தமிழர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த அவர்தம் முன்னோர், மன்னாரிற் கரையேறி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடு கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் நோயினாலும் பசியினாலும் மாண்டோர் மிகப்பலர். 1880 ஆம் ஆண்டிற் புகைவண்டிப் பாதை மாத்தளையை எட்டுமுன் அவர் நடந்த அவ்வழி நெடுகிலும் அவர்க்கெனப் பெயர் பொறித்த கல் இல்லை.

துரைமார் தம் தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டினர். தொழிலாளரோ அவற்றைத் தம் வாய்க்கு இசைந்த வேறு தமிழ்ப் பெயர்களால் அழைத்தனர். அத்தமிழ்ப் பெயர்கள் இன்றேல் வழிகேட்டுப் போதல் அரிதாயிருந்தமையால், பேர்குசனின் இலங்கை விவரத்திரட்டு அவற்றையும் அச்சிட்டது. ஆயின் தோட்டத்துக்குக் கிடைத்த இப்பேறு தோட்டத்துள் அடங்கிய இடங்களுக்குக் கிடைக்கவில்லை. தேயிலை நிரைகள் படர்ந்த சரிவு ஒவ்வொன்றும் 'மலை' எனப்படும். கணக்கேட்டில் அஃது 'ஐந்தாம் நம்பர் மலை' என்றாற்போல எண்ணாலே குறிக்கப்படும். ஓடைநீர் குழாய்வழி விழும் இடம் பீலி. மழைநீர் வடிதற்கு வெட்டியது கான். எந்தப் பீலியில் நீர் வற்றாது, எந்தக் கானில் மழைக்காலத்தில் மண் சரியும், எந்த மடுவிற் பிள்ளைகளை இறங்க விடலாகாது என்பன கொழுந்து பறிப்போர் வாய்மொழியில் வழங்கும் அறிவு. எண் கணக்கப்பிள்ளைக்குப் போதும். கூடையோடு சரிவில் இறங்கும் பெண்ணுக்கு அது போதாது. அவள் காலுக்கு வேண்டிய பெயர்களை அவள் தாயும் பாட்டியும் வைத்திருக்கின்றனர்.

அவ்வாய்மொழி இன்று மெலிந்து வருகின்றது. இளையோர் தொழில் நாடிக் கொழும்புக்கும் பிறநாடுகளுக்கும் செல்கின்றனர். சில தோட்டங்கள் காடாகின்றன. வேறு சில இடங்கள் நீருள் மறைந்தன. அம்பன் கங்கையைத் தடுத்து 2018 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம், மோரா மரத்தின் பெயர் கொண்ட மலையைத் தன் பெயரில் காத்து நிற்கின்றது. அதன் நீரடியிற் கிடக்கும் ஓடைகளின் பெயர்களைக் காப்பது முதியோர் நினைவே. இவ்வேளையில் விளையாட்டின் பொருட்டு மலையிடுக்குகளை நாடி வருவோர், பெயரற்ற இடமெனக் கருதிப் புதுப்பெயர் சூட்டுவராயின், ஏற்கெனவே இருந்த பெயர் இருந்த சுவடின்றி மறையும்.

ஆதலின் இரண்டு கடமைகள் உள. புதிதாய் ஒரு வழியிற் செல்வோர், பெயரிடுமுன் பழம்பெயரைக் கேட்டறிதல் வேண்டும். அருகிலுள்ள கிராமத்திலும் லயத்திலும் ஒரு நாள் தங்கி வினவினாலே அது பெரும்பாலும் தெரிந்துவிடும். இஃது ஒன்று. மற்றது மாத்தளைப் பகுதிப் பாடசாலைகளில் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, இடத்தின் பெயரை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதுக. பெயருக்கு அவர் கூறும் காரணத்தை எழுதுக. அங்கே எந்தக் காலத்தில் என்ன இடர் நேரும் என்பதை எழுதுக. சொன்னவரின் வயதையும் தொழிலையும் குறித்துக்கொள்க. சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் இருப்பின் இரண்டையும் அருகருகே எழுதுக. காரணங்கள் முரண்படினும் திருத்தற்க, முரண்பாடும் வரலாறே.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை உள்ளது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை துறவியர் நெஞ்சிலும் நாவிலும் மட்டும் வாழ்ந்துவந்த திரிபிடகம் அங்கேயே ஏட்டில் எழுதப்பட்டது என மரபு கூறும். போரும் பஞ்சமும் சூழ்ந்த அக்காலத்தில், மனனஞ் செய்தோர் மாண்டால் மறைமொழியும் அவரோடு மாளும் என்னும் அச்சமே எழுதுவித்தது. ஓடையின் பெயர் மறைநூல் ஆகாது. எனினும் நாவில் மட்டும் வாழ்வது எதுவாயினும் அதற்கு நேரக்கூடிய முடிவு ஒன்றே. அம்முடிவு வருமுன் எழுதி வைத்தல் வேண்டும் என்பதை முதலில் உணர்ந்த மண் மாத்தளை. அம்மண்ணின் மாணவர்க்கு அப்பணி புதியதன்று.