உங்களுக்குத் தெரியுமா? ஆன்டெனாவிலிருந்து கைபேசிக்கு வந்த செய்தி

பெங்களூர் காக்ஸ் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்குச் செய்தி இரண்டு திசையிலிருந்து வரும். சென்னைச் சேனல்கள் கோட்டையைக் காட்டும். கன்னடச் சேனல்கள் கர்நாடகச் சட்டமன்றமான விதான சவுதாவைக் காட்டும். அருகிலுள்ள ஜீவனஹள்ளியில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் அதை இரண்டுமே சொல்லாது. இணையம் வந்ததும் இந்த இடைவெளி அடைபட்டிருக்க வேண்டும். இன்னும் அடைபடவில்லை. ஒளிபரப்பு நிறுவனங்கள் இணையத்தில் எப்படிக் காலூன்றின, எங்கே இடறின என்று தேடியபோது சேர்ந்த துணுக்குகள் இவை.

● "ஆகாசவாணி" என்ற பெயர் டெல்லியில் பிறந்ததில்லை. மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி 1935-இல் தம் வீட்டிலேயே ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கி, அதற்கு வைத்த பெயர் அது. அகில இந்திய வானொலி அதைத் தன் பெயராக ஏற்றது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். இன்று பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் நாட்டின் 200-க்கும் மேற்பட்ட ஆகாசவாணி ஒலிபரப்புகளைக் கேட்கலாம். ராத்திரியில் மட்டும், அதுவும் இரைச்சலோடு, மத்திய அலையில் எட்டிப் பார்த்த சென்னை நிலையம் இப்போது பெங்களூர் வீலர் ரோட்டில் நடந்துகொண்டே கேட்கக் கிடைக்கிறது. இந்தச் செயலி இருப்பதை இங்குள்ள எத்தனை பெரியவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்? உங்கள் வீட்டுப் பாட்டியின் கைபேசியில் இன்றே ஏற்றிக் கொடுங்கள்.

● சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-இல் சென்னையில் தொடங்கிய வானொலி மன்றம், பணம் இல்லாமல் 1927-இல் மூடப்பட்டது. கருவியை மாநகராட்சி ஏற்று 1930-இல் மறுபடி ஒலிக்கச் செய்தது. ஒலிபரப்பைத் தொடங்குவது ஒரு பாடு என்றால், மாதாமாதம் அதற்குத் தீனி போடுவது பெரும்பாடு. இணையத்திலும் அப்படித்தான். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில். அதுவரை தமிழில் மட்டும் எழுதிய தளங்களுக்கு அந்த வருமான வழி முறைப்படி திறக்கவில்லை.

● பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3-இல் தொடங்கியது. போர்க்காலத்துச் செய்தி மடலாக இருந்த அதற்குப் பின்னாளில் "தமிழோசை" என்று பெயர் சூட்டியவர், இலங்கையில் பிறந்த ஒலிபரப்பாளர் சோ. சிவபாதசுந்தரம். இலங்கை உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சிற்றலையைத் திருகித் திருகி அதைக் கேட்டவர்களின் நினைவில் இன்றும் அந்தப் பெயர் நிற்கிறது. ஏறத்தாழ 76 ஆண்டுக்குப் பிறகு, 2017 ஏப்ரல் 30-உடன் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. ஆனால் பி.பி.சி. தமிழ் நிற்கவில்லை. எழுத்து, காணொளி என்று முழுவதும் இணையத்துக்கு மாறியது. வானொலியில் ஐந்து வரியில் முடிந்த செய்தி இணையத்தில் பின்னணி, வரைபடம், "இதனால் உங்களுக்கு என்ன" என்ற விளக்கம் எல்லாம் சேர்ந்து வந்தது. பல சேனல்கள் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். டிவியில் ஓடிய அரை நிமிடத் துண்டை அப்படியே வெட்டி யூடியூபில் ஏற்றிவிட்டால் ஏற்றுமதிதான் நடந்திருக்கிறது. இணையப் பதிப்பு இன்னும் உருவாகவில்லை.

● அந்தத் தமிழ்ச் சேவையையும் பி.பி.சி.யின் மற்ற இந்திய மொழிச் சேவைகளையும் 2024 ஏப்ரல் முதல் நடத்துவது 'கலெக்டிவ் நியூஸ்ரூம்' என்ற இந்திய நிறுவனம். காரணம் சட்டத்தில் இருக்கிறது. செய்தித் தொலைக்காட்சியில் அந்நிய முதலீடு 49 சதவீதம் வரை போகலாம். இணையச் செய்திக்கு 2019-இல் விதித்த வரம்பு 26 சதவீதம்தான்; வெளிநாட்டு நிறுவனமான பி.பி.சி. அதைத் தாண்ட முடியாது.

● ஒரு காலத்தில் கூகுளின் கண்ணுக்கு "தமிழ்" என்ற சொல்லே தெரியாது. எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடு பரவும்வரை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு. ஈழத்தவர்களிடமும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று நாம் படிப்பதைக் கணினி வைத்திருந்தது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக. திரையில் தமிழ், உள்ளே பொருளற்ற ஆங்கிலக் கோவை. தேடுபொறி என்ன செய்யும்? அப்படி எழுதிக் குவித்த பல ஆண்டுச் செய்திகள் யார் தேடினாலும் அகப்படாமல் கிடந்தன. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது.

இன்றைக்கும் அதே தவறு வேறு உருவில் தொடர்கிறது. டிவியில் கீழே ஓடும் ஸ்க்ரோலிங் எழுத்தும், தம்ப்நெயிலில் சிவப்புப் பின்னணியில் போடும் கொட்டை எழுத்தும் அடிப்படையில் படங்கள். அவற்றிலுள்ள சொற்களை நம்பித் தேடுபொறி ஒரு செய்தியைக் கொண்டுவந்து தராது. செய்தியின் ஊர், தேதி, பெயர்கள் மூன்றும் காணொளிக்குக் கீழே தட்டச்சு செய்த எழுத்தாக இருந்தால்தான் நாலு வருடம் கழித்தும் அது கிடைக்கும். பத்து வரி தட்டச்சு செய்ய ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆளை வேலைக்கு வைப்பதில்தான் நிறுவனங்கள் கஞ்சத்தனம் பார்க்கின்றன.

● "தமிழ்" என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள். இணையத்தில் அனுப்பும்போது குறிக்கு மூன்று பைட் வீதம் 15 பைட். அதையே இணைய முகவரியில் தமிழிலேயே போட்டால், வாட்ஸ்ஆப்பில் ஒட்டும்போது பல நேரம் சதவீதக் குறிகள் நிறைந்த 45 எழுத்து நீளக் கோவையாகிவிடும். பார்த்தவர் வைரஸோ என்று பயந்து தொடமாட்டார். சுருக்கமான முகவரியும் சுத்தமான தமிழ்த் தலைப்பும் இருந்தால் இந்தப் பயம் இல்லை.

● கூகுள் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பரத் பெங்களூரில் பள்ளிப் படிப்பும், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியலும் முடித்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்ச்சியைப் பற்றி எந்தெந்தப் பத்திரிகை என்ன எழுதுகிறது என்று தளம் தளமாகத் தாவிப் படித்துக் களைத்ததில் பிறந்த யோசனை அது. 2002-இல் வெளிவந்தது. ஒரே விஷயத்தைச் சொல்லும் செய்திகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, யார் எதை எழுதினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதுதான் அதன் சாரம். 2004-இல் பெங்களூரில் கூகுளின் ஆய்வு மையம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. இருபது சேனல்கள் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் தந்த ஒரே வரியைப் போட்டால் கொத்தில் இருபதாவது இடத்தில் கிடப்பார்கள். சம்பவ இடத்தில் ஆள் நிறுத்தி, மற்றவர்களிடம் இல்லாத ஒரு தகவலைக் கொண்டுவருகிறவருக்குத்தான் தனித்துத் தெரியும் வாய்ப்பு அதிகம். பழைய நிருபர் தொழிலேதான் இது.

● அதே செப்டம்பர் 11 அன்று உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்ததால் சி.என்.என். தளம் திணறியது. படங்களையும் அலங்காரங்களையும் கழற்றி எறிந்துவிட்டு மெலிந்த ஒரு பக்கமாக நின்றுதான் சமாளித்தது. 2017-இல் இர்மா சூறாவளி ஃபுளோரிடாவை அடித்தபோது சி.என்.என்.னும், அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர்.உம் வெறும் எழுத்து மட்டுமுள்ள பக்கத்தை மக்களிடம் கொண்டுபோயின. சிக்னல் ஒற்றைக் கோடாகக் குறைந்தாலும் அது திறக்கும்.

நமக்கு இது தூரத்துக் கதையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல பகுதிகளில் மின்சாரம் போய் டிவிகள் ஊமையாயின. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல், 1878-இல் தொடங்கிய தி இந்துவின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. கையில் மிஞ்சியது பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த கைபேசி. தமிழிலோ கன்னடத்திலோ நடக்கும் எந்தச் செய்திச் சேனலும் மழைக்காலத்துக்கு முன்பே ஓர் எழுத்து மட்டும் பக்கத்தைத் தயாராக வைத்திருக்கலாம். எந்தச் சாலை மூழ்கியது, எங்கே சாப்பாடு கிடைக்கிறது, எந்த எண்ணுக்குக் கூப்பிடலாம். இவ்வளவு போதும்.

● 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி பெங்களூரில் குறுஞ்செய்தியாகப் பரவியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். கவுகாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. ஒருவர் நாளுக்கு 5 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு 15 நாள் தடை போட்டது. ஆறு ஆண்டு கழித்து, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்ஆப் வதந்தி பெங்களூரிலும் திருவண்ணாமலை மாவட்டத்திலும் நாட்டின் வேறு பல ஊர்களிலும் உயிர்களைப் பறித்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்ஆப், ஒரு செய்தியை 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. மறுபடியும் அதே ஐந்து.

வதந்தி இரண்டு வரியில் வருகிறது. அதற்கு மறுப்பாகச் சேனல்கள் பத்து நிமிட விவாதக் காணொளி போட்டால் அது எப்படித் துரத்திப் பிடிக்கும்? மறுப்பும் இரண்டு வரியில், போலீஸ் சொன்னதை நேரத்தோடு குறிப்பிட்டு, தமிழ், கன்னடம், இந்தி, அசாமி என்று அந்தந்த மக்களின் மொழியில், பகிர்வதற்குத் தோதாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் கத்துவதைவிட இந்த வேலை ஆயிரம் மடங்கு பெரியது. காவிரிக் கலவரம் நடந்த 2016 செப்டம்பரில் காக்ஸ் டவுன் தமிழர்களுக்கு எது உண்மை எது பொய் என்று சொல்ல, நம்பத்தக்க ஒரு குரல் தேவைப்பட்டது. கைபேசிக்கு வந்ததோ, எங்கே எடுத்தது என்றே தெரியாத அடிதடிக் காணொளிகள்.

● பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏசியாநெட் நியூஸ் குழுமம் மலையாளத்திலும் கன்னடத்திலும் சேனல் நடத்துகிறது. தமிழில் அதற்குச் சேனலே கிடையாது. இணையத்தளமாக மட்டும் 'ஏசியாநெட் நியூஸ் தமிழ்' நடக்கிறது. கோபுரம், செயற்கைக்கோள், கேபிள்காரர் எவரும் இல்லாமல் இன்னொரு மொழிக்குள் நுழையலாம் என்பதற்கு இதைவிட அருகில் சான்று இல்லை.

● தமிழ்நாட்டில் பலர் கைபேசியில் படிக்கும் தமிழ்ச் செய்தியின் பின்னால் இருப்பது பெங்களூர்தான். தட்ஸ்தமிழ் என்று தொடங்கிய ஒன்இந்தியா தமிழ், நியூஸ்ஹன்ட் என்ற பெயரில் வந்து 2015-இல் பெயர் மாறிய டெய்லிஹன்ட், அதே 2015-இல் தொடங்கிய ஷேர்சாட் மூன்றும் இந்த ஊர் நிறுவனங்களே. டெய்லிஹன்ட் போன்ற திரட்டிகளில் செய்தியைக் கொடுப்பதால் வாசகர் எண்ணிக்கை ஏறும். ஆனால் படித்தவரைக் கேட்டுப் பாருங்கள்: "டெய்லிஹன்ட்ல பார்த்தேன்" என்பார், எழுதிய சேனலின் பெயர் அவருக்கு நினைவிருக்காது. சொந்தத் தளமும், தன்னைத் தேடி வரும் வாசகரும் இல்லாத சேனல் வாடகை வீட்டில் இருப்பதைப் போலத்தான்.

● பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கத்துகிறார்கள், உங்கள் கைபேசியில் இன்னும் பந்தே வீசப்படவில்லை. ஏன்? இணைய நேரலை, காணொளியைச் சுமார் 6 நொடித் துண்டுகளாக நறுக்கி, சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓடவிடுகிறது. ஆகவே அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கும். தேர்தல் முடிவு நாளிலும் இதே கதைதான். முந்தித் தருவதில் இணைய நேரலையால் கேபிளை வெல்ல முடியாது. தொகுதி வாரியாகத் தேடிப் பார்க்கும் பக்கத்தைத் தருவதில் வெல்ல முடியும்.

● மனிதன் நிலவில் இறங்கிய 1969-இல் பி.பி.சி. செய்த நேரடி ஒளிபரப்பின் மூலப் பதிவு இன்று இல்லை. நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது அக்காலத்து வழக்கம். அமெரிக்காவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1970-களின் இறுதியிலிருந்து 2012-இல் இறக்கும்வரை வீட்டிலேயே தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்தார். சுமார் 70,000 நாடாக்கள். நிறுவனங்கள் தூக்கி எறிந்ததை ஒருவர் காப்பாற்றினார். நம் சேனல்களின் பழைய நாடாக்களில் 2009 ஆகஸ்ட் 9-இல் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறந்த நாள் இருக்கும். தேதியும் ஊரும் எழுதி அவற்றை இணையத்தில் வைக்கிற சேனலிடம், வேறு யாராலும் நகலெடுக்க முடியாத சொத்து இருக்கிறது. புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும் முன் அதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

● 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையச் செய்தி வெளியிடுபவர் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைத்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைத் தளத்தில் வெளியிட வேண்டும். புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தவறான செய்தியைப் பார்த்தால் திட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், எழுதிப் போடுங்கள். திருத்தத்தைச் செய்தியின் தலையிலேயே, தேதியோடு போடும் தளத்தை நான் கூடுதலாக நம்புகிறேன்.

● கன்டோன்மென்ட் பகுதியின் கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ராங்கன் காக்ஸின் பெயரால் அமைந்தது காக்ஸ் டவுன். இதற்கே சர்வக்ஞ நகர் என்றும் பெயருண்டு; பக்கத்து ஃபிரேசர் டவுன் புலிகேசி நகர். நகரத்தின் பெயரும் 2014 நவம்பர் 1 முதல் பெங்களூரு. தமிழில் பாதிப் பேர் இன்னும் பெங்களூர் என்றே எழுதுகிறோம். காக்ஸ் டவுன், காக்ஸ்டவுன், காக்ஸ் டௌன், சர்வக்ஞ நகர் என்று ஓர் ஊருக்கு இத்தனை எழுத்துக்கூட்டல் இருந்தால் செய்திகள் நாலு மூலையில் சிதறிக் கிடக்கும். சேனல்காரர் செய்ய வேண்டியது, எல்லாப் பெயரையும் ஒரே பக்கத்தில் கட்டிப்போட்டு, அந்தப் பகுதிச் செய்திகளை அதன் கீழே சேர்த்துக்கொண்டே போவது. மாதவராய முதலியார் ரோட்டில் மழைக்கு மரம் விழுந்து வழி அடைத்தால், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் தாய் எந்தப் பெயரைத் தட்டினாலும் அந்தச் செய்தி அவர் கைக்கு வர வேண்டும், வேன் கிளம்பும் முன்பே.