“இந்த விதி எதற்கு சார்?” – பேஸ்பால் குறித்து மாணவர் கேட்கும் கேள்விகள்

2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடக்கும் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறுகிறது என்பது நம் மாணவர்களுக்குத் தெரியும். அதே ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் மீண்டும் வருகின்றன. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் பட்டியலிலும் இவ்விரண்டும் உள்ளன. ஆகவே என்னைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்களிடம் மட்டுமல்லாமல் வகுப்பாசிரியர்களிடமும் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்பார்கள்.

என்னிடம் வரும் கேள்விகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். “எத்தனை பேர், எத்தனை அடி?” என்பது முதல் வகை. “ஏன் அப்படி?” என்பது இரண்டாம் வகை. முதல் வகைக்கு விதிப்புத்தகமே போதும். இரண்டாம் வகைக்கு “அதுதான் ரூல்” என்று பதில் சொல்லிவிட்டால், கேட்ட பிள்ளை மறுமுறை கேட்காது. பேஸ்பாலின் பல விதிகளுக்குப் பின்னால் யாரோ செய்த தந்திரமோ, எங்கோ நடந்த விபத்தோ இருக்கிறது. அதைச் சொன்னால் விதியும் மனத்தில் நிற்கும். விதியை யோசித்துப் பார்க்கும் பழக்கமும் வரும்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

அணிக்கு 9 பேர். மைதானத்தின் உட்பகுதி சாய்த்து வைத்த சதுரம். அதன் நான்கு மூலைகளில் ஹோம் பிளேட், முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் இடையே 90 அடி. நடுவில் சிறு மேட்டில் நின்று பிட்சர் பந்தை எறிகிறார். அங்கிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். நான்கு மூலைகளையும் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். 3 பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி அடிக்க வரும். இரு அணியும் ஒருமுறை அடித்தால் ஒரு இன்னிங்ஸ். மொத்தம் 9 இன்னிங்ஸ்.

கிரிக்கெட் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு வேறுபாடுகளை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். அடித்த பந்து எல்லைக்கோடுகளுக்குள் விழுந்தால், ஓடுவதா வேண்டாமா என்று பேட்டர் யோசிக்க முடியாது; பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடியே தீர வேண்டும்.

நாலு பந்து வெளியே போனால் சும்மா விடுகிறார்களே, ஏன்?

ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியை ‘ஸ்ட்ரைக் ஸோன்’ என்பார்கள். அதற்குள் வரும் பந்தை விட்டாலும், எந்தப் பந்தையேனும் வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். 3 ஸ்ட்ரைக் ஆனால் அவுட். ஸோனுக்கு வெளியே வந்த பந்தை அடிக்காமல் விட்டால், அது ‘பால்’. 4 பால் ஆனால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம்.

தொடக்க காலத்தில் இப்படி எண்ணும் வழக்கமே இல்லை. பிட்சர் வேண்டுமென்றே எட்டாத பந்தாக எறிந்துகொண்டிருப்பார். பேட்டரும் பிடித்த பந்து வரும்வரை காத்து நிற்பார். ஆட்டம் நகராது. பிட்சரைக் கட்டுப்படுத்தப் ‘பால்’ வந்தது. பேட்டரைக் கட்டுப்படுத்த ‘ஸ்ட்ரைக்’ வந்தது. 1879-இல் 9 பால் வரை அனுமதித்தார்கள். படிப்படியாகக் குறைத்து 1889-இல் 4 ஆக்கினார்கள். இரு தரப்புக்கும் சமமாகக் கடிவாளம் போட அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

பிடிக்காத பந்துக்கு அவுட் கொடுப்பது நியாயமா?

மாணவர்கள் மிகவும் குழம்புவது ‘இன்ஃபீல்டு ஃப்ளை’ என்ற விதியில்தான். புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் தேவை. ஒன்று, அடித்த பந்தை நேராகப் பிடித்துவிட்டால், பேஸில் நின்றவர் தன் பேஸை விட்டு நகர்ந்திருந்தால் திரும்பி வந்து தொட வேண்டும். இரண்டு, பந்து தரையில் விழுந்தால், பேட்டர் முதல் பேஸுக்கு வருவதால் அங்கே நின்றவர் இரண்டாம் பேஸுக்கும், இரண்டாம் பேஸில் நின்றவர் மூன்றாவதுக்கும் ஓடியாக வேண்டும்.

இப்போது முதல், இரண்டாம் பேஸ்களில் ஆள் இருக்கிறது. பேட்டர் அடித்த பந்து பக்கத்திலேயே செங்குத்தாக மேலே எழுகிறது. எளிதான கேட்ச். ஓட்டக்காரர்கள் பேஸை விட்டு நகராமல் நிற்கிறார்கள். கீழே நிற்கும் தந்திரசாலி பந்தை வேண்டுமென்றே நழுவவிடுகிறார். உடனே ஓட்டக்காரர்கள் ஓடியாக வேண்டும், ஆனால் நேரமில்லை. ஒரு கேட்சில் ஓர் ஆள் அவுட் ஆகவேண்டிய இடத்தில் இரண்டு பேர் அவுட். திறமையின்மையைப் போல நடித்துப் பெறும் லாபம் இது. 1890-களில் இதற்கு முடிவு கட்டினார்கள். அத்தகைய பந்து மேலே எழும்போதே நடுவர் “பேட்டர் அவுட்” என்று அறிவித்துவிடுவார். அதன்பின் பந்தை நழுவவிட்டாலும் ஓட்டக்காரர்கள் ஓட வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு பேர் ஏற்கெனவே அவுட் ஆகியிருந்தால் இந்தத் தந்திரத்துக்கு வேலையில்லை. அதனால் அப்போது இந்த விதியும் கிடையாது.

கையுறை, தலைக்கவசம் எல்லாம் எதற்கு?

பேஸ்பால் 5 முதல் 5¼ அவுன்ஸ் எடை. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே குறைவு. நடுவில் தக்கையும் ரப்பரும், அதைச் சுற்றி நூல், மேலே தோல், 108 இரட்டைத் தையல்கள். பேட் உருண்டையானது, 42 அங்குலத்துக்கு மேல் நீளம் கூடாது. தொழில்முறை ஆட்டத்தில் ஒரே மரத்துண்டால் செய்த பேட் மட்டும்தான். உலோகப் பேட்டில் பட்ட பந்து இன்னும் வேகமாகப் பாயும் என்பதே காரணம்.

“கையுறை போட்டுப் பிடிப்பது வீரமா?” என்று கிரிக்கெட் பிள்ளைகள் கேலி செய்வார்கள். முதலில் பேஸ்பால் வீரர்களும் வெறுங்கையால்தான் பிடித்தார்கள். இன்று ஒவ்வொரு பந்துக்கும் குறைந்த தூரத்தில் உட்கார்ந்து, மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வருவதைப் பிடிக்கும் கேட்சரின் நிலையை விளக்கினால் கேலி நின்றுவிடும்.

தலைக்கவசத்தின் கதை துயரமானது. 1920 ஆகஸ்ட்டில் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையில் பிட்சர் எறிந்த பந்து தாக்கியது. மறுநாள் அவர் இறந்தார். அக்காலத்தில் ஒரே பந்தை அழுக்கேறிக் கறுத்த பின்னும் பயன்படுத்துவார்கள். வருவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதன்பின் அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றத் தொடங்கினார்கள். தலைக்கவசமோ 1950-களில்தான் லீக்குகளில் கட்டாயமாகத் தொடங்கியது. ஓர் உயிர் போன பிறகும் ஒரு நல்ல விதி வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. “ஹெல்மெட் போட்டால் வேர்க்குது சார்” என்னும் பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

எந்தெந்த அணிகள், எந்தெந்த வீரர்கள்?

அமெரிக்காவின் ‘மேஜர் லீக்’கில் 30 அணிகள். 1876-இல் தோன்றிய நேஷனல் லீக்கில் 15; 1901-இல் பெரிய லீக்காக உயர்ந்த அமெரிக்கன் லீக்கில் 15. டொராண்டோ அணி மட்டும் கனடாவைச் சேர்ந்தது. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். இரு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதுவது ‘வேர்ல்டு சீரீஸ்’, 1903-இல் தொடங்கியது. அதை 27 முறை வென்ற நியூயார்க் யாங்கீஸ்தான் முதலிடத்தில் உள்ளது. ஜப்பானில் 12 தொழில்முறை அணிகள் உண்டு. ஆனால் அங்கே நாடே பார்ப்பது 1915-இல் தொடங்கிய மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் கோடைப் போட்டியை. பெரும்பாலும் அது நடக்கும் கோஷியென் மைதானத்தில், தோற்ற மாணவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பையில் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

வீரர்களில் 714 ஹோம் ரன் அடித்த பேப் ரூத்தையும், அதை 1974-இல் முறியடித்து 755 வரை சென்ற ஹேங்க் ஆரனையும் சொல்ல வேண்டும். இன்று பிள்ளைகள் அறிந்த பெயர் ஜப்பானின் ஷோஹேய் ஓதானி. பிட்சராகவும் பேட்டராகவும் விளங்கும் அவர், 2024-இல் 54 ஹோம் ரன்களும் 59 பேஸ் திருட்டுகளும் செய்தார். நம் நாட்டிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியால் ஒப்பந்தம் செய்யப்பட்டார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. பேட்டிங் சராசரி என்பது வெற்றிகரமாக அடித்த எண்ணிக்கையை முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மூன்று தசம இடத்துக்கு எழுதுவது. 0.300 என்றாலே சிறந்த வீரர். அதாவது பத்தில் ஏழு முறை தோற்பவர். 1941 பருவத்தின் கடைசி நாள் காலையில் டெட் வில்லியம்ஸ் 448-க்கு 179 எடுத்திருந்தார். வகுத்தால் 0.39955. முழுமையாக்கினால் 0.400. அன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெருமை கையில் இருந்திருக்கும். அவர் அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, 8-க்கு 6 எடுத்து, 0.406 என்று முடித்தார். அதன்பின் அந்த இரு லீக்குகளிலும் யாரும் 0.400-ஐத் தொடவில்லை. தசமத்தை முழுமையாக்கும் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

புத்தகத்தில் இல்லாத விதி

பழைய அணிப் படங்களைப் பார்க்கும் மாணவர் சிலர், “எல்லோரும் வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்களே?” என்று கேட்பதுண்டு. இதுதான் முக்கியமான கேள்வி.

கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று பெரிய லீக்குகளின் விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளாக ஒருவரையும் சேர்க்கவில்லை. உரிமையாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. கறுப்பின வீரர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகளை நடத்தினார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். வசவுகளையும் மிரட்டல்களையும் தாங்கி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரரானார். அவர் அணிந்த 42 என்ற எண்ணை 1997-இல் எல்லா அணிகளும் ஓய்வுபெறச் செய்தன. இன்று ஏப்ரல் 15 அன்று எல்லா வீரர்களும் அந்த எண்ணையே அணிகிறார்கள். 2024-இல் கறுப்பின லீக்குகளின் கணக்கும் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்ந்தது. வாழ்நாள் சராசரியில் இன்று முதலிடத்தில் இருப்பவர், பெரிய லீக்கில் ஒரு நாளும் ஆட விடப்படாத ஜோஷ் கிப்சன், 0.372.

சிறுமியருக்கோ எழுத்திலேயே தடை இருந்தது. சிறுவர்களுக்கான ‘லிட்டில் லீக்’ 1951-இல் அந்த விதியைப் போட்டது. 1972-இல் நியூஜெர்சியின் ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்ற சிறுமி 3 ஆட்டங்கள் ஆடியதும் அவளை நிறுத்தச் சொன்னார்கள். வழக்கு நடந்தது. சிறுமியரின் எலும்பு வலுவற்றது என்று லீக் தரப்பு வாதிட்டது, அது எடுபடவில்லை. 1974-இல் தடை நீங்கியது. அதற்குள் மரியாவுக்கு ஆடும் வயது கடந்துவிட்டது. 40 ஆண்டுகள் கழித்து, 2014 லிட்டில் லீக் உலகத் தொடரில், 13 வயது மோனே டேவிஸ் எதிரணியை ஒரு ரன்னும் எடுக்கவிடாமல் பந்தெறிந்து வென்றாள்.

நம் மைதானத்தில்

கேட்சருக்கு முகக்கவசமும் பேட்டருக்குத் தலைக்கவசமும் இல்லாமல் கடினப் பந்தை எடுக்கவே வேண்டாம். டென்னிஸ் பந்து, பிளாஸ்டிக் பேட், மண் நிரப்பிய நான்கு சாக்குகள் போதும். பேஸ்களுக்கு இடையே 60 அடி வைக்கலாம். லிட்டில் லீக்கின் அளவும் அதுவே. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு, இடுப்புயரக் கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்லலாம். பேட்டை வீசி எறியக்கூடாது, கீழேதான் போட வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

முதல் வாரம் ‘பால்’ எண்ணாமல் ஆடவிடுங்கள். பிட்சர் தாறுமாறாக எறிவார், சண்டை வரும். “இதற்கு என்ன விதி போடலாம்?” என்று அவர்களையே கேளுங்கள். அக்காலத்தில் பெரியவர்கள் கண்டுபிடித்ததை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிடுவார்கள். பேட்டை எறிவதும் அப்படித்தானா என்று யாராவது கேட்டால், சாப்மன் கதையைச் சொல்லுங்கள். சில விதிகளை ஆடிப் பார்த்துக் கற்கக்கூடாது.

பிறகு அவர்களோடு சேர்ந்து நாமும் சுற்றிப் பார்க்கலாம். பையன்கள் ஆடட்டும், பெண் பிள்ளைகள் ஸ்கோர் எழுதட்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் பல பள்ளி மைதானங்களில் அதுவே நடக்கிறது. நன்றாக ஆடும் பத்துப் பேருக்கே பந்து போவதும், மற்றவர் மர நிழலில் உட்கார்ந்திருப்பதும்கூட எழுதாத விதிதான். பேஸ்பாலில் இதற்கு ஒரு மருந்து உண்டு. ஒன்பது பேரும் வரிசைப்படி அடித்தாக வேண்டும். நன்றாக அடிப்பவர் என்பதற்காக ஒருவரை மறுபடி முன்னால் கொண்டுவர முடியாது. பெயர்களை மாணவர், மாணவியர் என மாற்றி மாற்றி எழுதிய வரிசைத்தாளை மைதானத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஸ்கோர் நோட்டும் அதே வரிசையில் கைமாறட்டும். “இந்த விதி எதற்கு சார்?” என்று யாராவது கேட்டால், பதில் நம்மிடம் தயாராக இருக்கும்.