சாப்பிட்டுப் பார்க்கிறேன்!

தில்லியிலேயே பிறந்த என் மகள் 'டோரேமான்' கார்ட்டூனை ஹிந்தியில் பார்த்து வளர்ந்தவள். கல்லூரிக்குப் போனதும், அதை மூல மொழியிலேயே ரசிக்க வேண்டுமென்று ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தாள். "இது எதற்கு உதவும்?" என்று கேட்டவன் நான்தான்.

ஹிரகானா 46, கத்தகானா 46 எழுத்துக்கள் சீக்கிரமே வந்துவிட்டன. காஞ்ஜிதான் மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 எழுத்துக்கள்!

தொல்லை வந்ததோ கார்ட்டூனால். ஜப்பானிய மொழியில் 'நான்' என்பதற்குப் பல சொற்கள். நோபிதா 'போகு' என்பான். முரடன் ஜியான் 'ஓரே' என்பான். இவள் ஆசிரியையிடமே 'ஓரே' என்றுவிட, வகுப்பு முழுக்கச் சிரிப்பு. 'வாதாஷி' என்பதல்லவா மரியாதை! வீட்டுக்கு வந்து அழுதாள். இனிப் போகமாட்டேன் என்றாள்.

சமாதானப்படுத்தப் புத்தகத்தைப் புரட்டினேன். 'தபேதே மிமாஸ்' என்று ஒரு வாக்கியம். தபேதே என்றால் சாப்பிட்டு, மிமாஸ் என்றால் பார்க்கிறேன். நம் 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்' அப்படியே! வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். (இரண்டும் உறவு மொழிகள் என்ற சுசுமு ஓனோவின் கருத்தைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை. எனக்கென்ன, பெண் சிரித்தாளே!)

பாட்டியிடம் தமிழ் பேசக் கூச்சப்பட்டவள், "இதைத் தமிழில் எப்படிப்பா சொல்வது?" என்று இப்போது தினமும் கேட்கிறாள். டிசம்பரில் தேர்வு. நான் ஹிரகானா எழுதிப் பழக ஒரு நோட்டும் வாங்கி வந்திருக்கிறாள்.