இரண்டு ஏக்கரில் குடியேறும் முன்

சம்பள வேலையை விட்டுவிட்டு, ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி, பிள்ளைகளோடு அங்கேயே போய்விடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? என்ன பயிர் வைப்பது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் பத்திரம், அதற்கப்புறம் முதல் சில வருடச் சாப்பாட்டுச் செலவு. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் பயிரை மாற்றி மாற்றி வைத்தாவது பிழைத்துக்கொள்ளலாம்.

விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியுமா? தமிழ்நாட்டில் முடியும். மகாராஷ்டிரத்தில் கேட்பதைப் போல விவசாயி என்ற சான்று இங்கே கேட்பதில்லை. ஆனால் வெளிநாட்டுவாழ் இந்தியர் (என்.ஆர்.ஐ.) விவசாய நிலத்தை விலைக்கு வாங்கக் கூடாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம்.

நிலத்தை எப்போது போய்ப் பார்ப்பது? கார்த்திகையில் போனால் எல்லா நிலமும் பச்சையாகத்தான் தெரியும். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. சித்திரை வெயிலில் போங்கள். கிணற்று மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட விடச் சொல்லி, தண்ணீர் எத்தனை அடி இறங்குகிறது என்று பாருங்கள். நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஊறி ஏறுகிறது என்பதையும் இருந்து பாருங்கள். விற்பவர் சொல்வதைவிட அந்தக் கிணறு உண்மையைச் சொல்லும். வாய்க்கால் ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் அது உப்புத் தண்ணீராக இருக்கலாம். ஒரு பாட்டிலில் பிடித்து வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். மண்ணையும் கூடவே கொடுக்கலாம்.

கிணறு முழுக்க உங்களுடையதா? இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. பல ஊர்களில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கிணறு பொதுவாகவே கிடக்கும். 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு' என்று பத்திரத்தில் இருந்தால், தண்ணீர் உங்களுக்கு முறை வைத்துத்தான் வரும். உங்கள் முறை எந்த நாள், எத்தனை மணி நேரம், மோட்டார் கெட்டால் செலவு யாருடையது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எல்லாவற்றையும் மற்ற பங்காளிகளிடம் நேரில் கேளுங்கள். அவர்களோடுதான் நீங்கள் காலம் தள்ள வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத பங்காளி இருந்தால் வேறு நிலம் பார்ப்பது நல்லது.

மின்சாரம் இலவசம்தானே? விவசாயப் பம்புசெட்டுக்கு இலவசம். ஏற்கெனவே இணைப்புள்ள நிலம் என்றால், பெயர் மாற்றினால் போதும். புதிதாகக் கேட்டால் பதிவு மூப்பு வரிசைப்படிதான்; வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். இன்னொன்று: பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்கக் கூடாது. பிடித்தால் அபராதம். வீட்டுக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள்.

பாதை இருக்கிறதா? இப்போது வண்டி போகிறது என்பது பாதை ஆகாது. பக்கத்து நிலத்துக்காரர் தயவில் போய்க்கொண்டிருக்கலாம். பத்திரத்தில் வண்டிப்பாதை பாத்தியம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு முள்வேலி விழும்.

என்னென்ன காகிதம் பார்க்க வேண்டும்? பட்டா (நிலம் யார் பெயரில் என்று வருவாய்த் துறை தரும் ஆவணம்), புலப்படம் (எல்லை அளவுகளோடு கூடிய வரைபடம்), குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்). மூன்றையும் அரசு இணையதளங்களிலேயே எடுக்கலாம். பட்டா கூட்டாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா ஆக்கித் தரச் சொல்லுங்கள். சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல்லைக் கண்ணால் பாருங்கள்.

வில்லங்கம் சுத்தமாக இருந்தால் போதுமா? போதாது. கோயில் நிலமும் பஞ்சமி நிலமும் அதில் தெரியாமல் போகலாம். பஞ்சமி நிலம் என்பது பிரிட்டிஷ் காலத்தில், 1892 முதல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதைப் பிறர் வாங்கினால் கிரையம் செல்லாது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லி, நிலத்தின் வகையைப் படித்துப் பாருங்கள். வக்கீல் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பதிவுக்கு எவ்வளவு ஆகும்? முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நிலத்தின் விலையை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு போனால் இந்த 9 சதவீதம் கையைக் கடிக்கும்.

சரி, முதல் வருமானம் எப்போது? இங்கேதான் பல குடும்பங்கள் திணறுகின்றன. ஏக்கருக்கு எழுபது தென்னை வைக்கலாம். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிள்ளை நடுநிலைப் பள்ளியை முடிக்கும்போதுதான் தேங்காய்ப் பணம் ஒழுங்காக வரும். அதனால் தென்னையை ஓரமாக வையுங்கள். நடுவில் கீரை போட்டால் ஒரு மாதத்தில் அறுக்கலாம், வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும், பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். விலை கிடைக்குமா என்பது வேறு கதை. தக்காளியைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை வராத வாரங்கள் உண்டு. ஆகவே பணத்தை எல்லாம் நிலத்தில் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருட வீட்டுச் செலவை வங்கியில் வைத்துவிட்டு, மீதிக்கு எவ்வளவு நிலம் கிடைக்கிறதோ அவ்வளவு வாங்குங்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவர் சம்பள வேலையைக் கொஞ்ச காலம் விடாமலிருந்தால் இன்னும் நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற வீடுகளிலும் ஒருவர் வெளிவேலைக்குப் போகிறார்.

அரசு உதவி கிடைக்காதா? வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தை நம்பாதீர்கள். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்களுக்கு அதில் இடமில்லை. சொட்டுநீர்ப் பாசன மானியம் உண்மையிலேயே பயன்படும். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி முழு மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். உழவன் செயலியில் பதிந்துகொள்ளுங்கள்.

வருமான வரி உண்டா? பயிர் வருமானத்துக்குக் கிடையாது. ஆனால் மாடு வைத்துப் பால் ஊற்றினால் அது விவசாய வருமானத்தில் சேராது. கோழிப் பண்ணையும் அப்படித்தான்.

பிள்ளைகள்? பள்ளிப் பேருந்து தோட்டம் வரை வராது. பெரும்பாலும் தார்ச்சாலை வரைதான். அங்கே கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். அறுவடை நாளிலும் வேண்டும். பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருக்கும் அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பதைக் குடி போகும் முன்பே விசாரித்து வையுங்கள்.

இவ்வளவையும் படித்தபின் தயக்கமாக இருந்தால், வாங்காமல் ஒரு வருடம் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். குத்தகைதாரரைப் பாதுகாக்கும் 1955-ஆம் வருடச் சட்டத்தை நினைத்து, முகம் தெரியாதவருக்கு நிலம் விட உரிமையாளர்கள் யோசிப்பார்கள். ஊரில் உங்களைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். காலம், தொகை, தண்ணீர் முறை மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.