மணம் தங்குவது எதனால்?

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளியைக் காண வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. சிலர் மல்லிகைச் சரம் கொண்டு வருவர்; சிலர் புறப்படும்போதே சட்டையில் செண்ட் தெளித்துக்கொண்டு வருவர். இரண்டும் அன்பின் அடையாளமே. ஆயினும், புட்டியில் அடைபட்ட மணத்துள் பூவைத் தவிர வேறு என்னென்ன இருக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நோயாளிக்கு நன்மை தரும்.

பூவிலிருந்து புட்டிக்கு

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் மாவட்டங்களுள் நம் விருதுநகரும் ஒன்று. மல்லிகையின் மென்மணம் கொதிநீராவியில் கெட்டுவிடும். ஆதலால் பூக்களை ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து மணத்தைப் பிரிக்கின்றனர். கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால் மெழுகு போன்ற 'கான்கிரீட்' எஞ்சும். ஆயிரம் கிலோ மல்லிகைக்குக் கிடைப்பது இரண்டு கிலோவுக்கும் குறைவு. அதனை எத்தனாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, எத்தனாலையும் ஆவியாக்கினால் செறிந்த மணச்சாறு கிடைக்கும். கடைகளில் விற்கும் தெளிப்பு செண்டுகளில் பெரும்பகுதி எத்தனாலே.

பிடித்து நிறுத்துபவை

எத்தனால் விரைவில் பறந்துவிடும். மணமும் உடன் பறந்துவிடாதிருக்க, மெல்ல ஆவியாகும் நிலைநிறுத்திகளைச் சேர்க்கின்றனர். சந்தன எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், சாம்பிராணிப் பிசின் ஆகியவை பழமையானவை. டைஎத்தில் தாலேட், பென்சைல் பென்சோயேட், செயற்கைக் கஸ்தூரி ஆகியவை இன்று மிகுதியாகப் பயன்படுகின்றன. சிரங்குக்கு நாங்கள் பூசத் தரும் மருந்துகளுள் ஒன்றும் இதே பென்சைல் பென்சோயேட்தான்.

மணத்தை நிறுத்தும் பொருள் தோலிலும் நெடுநேரம் தங்கும். எல் சால்வடார் நாட்டு மரத்திலிருந்து வடியும் 'பெரு பால்சம்' என்னும் பிசினும் ஒரு நிலைநிறுத்தியே. அது பலருக்கு ஒவ்வாமை தருவதால், முதுகில் ஒட்டிப் பார்க்கும் தோல் பரிசோதனையில் அதனையும் சேர்க்கின்றனர். இவ்வகை அரிப்பும் தடிப்பும் பூசியவுடன் தோன்றாமல், ஓரிரு நாள் கழித்தே தோன்றக்கூடும். ஆகவே செண்டின்மீது எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

வேண்டுகோள்

ஆஸ்துமா உள்ளவரைக் காண வரும் நாளில் செண்ட், அத்தர் இரண்டையும் தவிர்த்திடுங்கள். சிலருக்கு மல்லிகைச் சரமும் மூச்சிரைப்பைத் தூண்டும். கேட்டறிந்த பின் கொடுங்கள். குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். புகை சிறு நுரையீரலை வருத்தும்.

ஆக்சிஜன் பெறுபவரின் அருகிலும், எரியும் விளக்கின் அருகிலும் செண்ட் தெளிக்கவே கூடாது, எத்தனால் தீப்பற்றும். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிறிதளவு குடித்தாலும் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள், புட்டியையும் எடுத்து வாருங்கள்.

தோலில் காரணம் தெரியாத தடிப்பு இருப்பின், அண்மையில் பூசிய எண்ணெய், பவுடர், செண்ட் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள். பல நேரங்களில் விடை அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.